தொல்குடி மக்களின் பண்பாட்டு மையத்துக்கு நிலவடிவமைப்பு: வரையத் தொடங்குவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

வேலிப்பருத்தி கேட்டது:

வணக்கம். நிலவடிவமைப்புத் துறையில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பள்ளி வளாகங்கள், மருத்துவமனைத் தோட்டங்கள், ஓரிரு பூங்காக்கள் ஆகியவைதாம் இதுவரை என் அனுபவம். இப்போது ஒரு தொல்குடிச் சமூகம், நெடுங்காலம் தன்னிடமிருந்து பறிக்கப்பட்டிருந்து அண்மையில் திரும்பக் கிடைத்த நிலத்தில் ஒரு பண்பாட்டு மையத்தைக் கட்டவிருக்கிறது. அதன் வெளிப்புற நிலம் முழுவதையும், ஏறத்தாழ 4 ஹெக்டேர், வடிவமைக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. சரிவான நிலம், கீழ்ப்புறத்தில் மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் ஒரு தாழ்வு உண்டு, மேற்புறத்தில் பழைய மரங்கள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன.

கட்டடத்தின் வடிவம் முன்பே முடிவாகிவிட்டது. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட காலம் மூன்று மாதம். அதற்குள் சமூகத்துடன் இரண்டு கலந்தாய்வுக் கூட்டங்கள் நடத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. முதல் கூட்டத்துக்கு நான் நன்றாகத் தயாரித்துக்கொண்டு போனதாகவே எண்ணினேன். நுழைவாயிலில் வட்டமான முற்றம். அதன் தரையில் அவர்களுடைய கூடை முடைதலில் வரும் கோலத்தைக் கல் பதித்து வரைந்திருந்தேன். தாழ்வான இடத்தில் ஒரு குளம், அதைச் சுற்றி நடைபாதை, அதன் ஓரமாக மருந்துச் செடிகளின் தோட்டம், ஒவ்வொரு செடிக்கும் ஒரு பலகை.

கூட்டத்தில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. வெகுநேரம் கழித்து மூதாட்டி ஒருவர் முற்றத்தின் படத்தைத் தொட்டு, "இதன் மேல் எல்லோரும் மிதித்து நடப்பார்களா?" என்று கேட்டார். நான் ஆம் என்றேன். பிறகு தோட்டத்தின் படத்தைக் காட்டி, "இங்கே யார் வந்து பறிப்பார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பார்வையாளர்கள் பறிக்காமல் இருக்க வேலி போடலாம் என்றுதான் நான் யோசித்து வைத்திருந்தேன். அங்குள்ளவர்கள் வந்து பறிப்பார்கள் என்பது என் மனத்தில் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த இரண்டு கேள்விகளும் என்னைத் தூங்கவிடவில்லை. நான் செய்ததை இன்னும் கொஞ்சம் திருத்தி அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச் செல்வதா, அல்லது வேறு எங்கிருந்தாவது தொடங்குவதா என்று தெரியவில்லை. இத்தகைய பணிகளில் ஈடுபட்டவர்கள் யாராவது இருந்தால், எந்த வரிசையில் வேலை செய்தீர்கள், எதை முதலில் கேட்டீர்கள், அலுவலகத்திடம் கூடுதல் காலத்தை எப்படிப் பெற்றீர்கள் என்று விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பாசிநிலம் எழுதியது:

அந்தப் படத்தைத் திருத்த வேண்டாம், வைத்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். அது மோசமான படம் என்பதால் அல்ல. மேசையின் மேல் முடிந்த படம் ஒன்று கிடக்கும் வரையில் எதிரில் இருப்பவர் அதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும் என்பதால். விருந்தினரை நோகடிக்க விரும்பாத மக்கள் இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். அந்த மூதாட்டி கேட்ட இரண்டு கேள்விகளும் உங்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய உதவி. கூடைக் கோலத்துக்குச் சொந்தக்காரர்கள் இருக்கலாம். ஒரு குடும்பத்துக்கோ, ஒரு குறிப்பிட்ட சடங்குக்கோ உரியதாக இருக்கலாம். கையில் ஏந்த வேண்டிய ஒன்றைக் காலடியில் போடுவது அவர்களைப் புண்படுத்தலாம். இவை எதையும் படம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் உலுரு என்னும் பெரும்பாறையின் அருகே உள்ள உலுரு கட்டா ஜூட்டா பண்பாட்டு மையத்தை நான் இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லத் தயங்குவதில்லை. அந்த நிலம் அங்குள்ள தொல்குடியினராகிய அனங்கு மக்களுக்குச் சட்டப்படி திரும்ப ஒப்படைக்கப்பட்டது 1985 அக்டோபர் 26 அன்று; தேசியப் பூங்காவாகத் தொடர்வதற்காக அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசுக்கே திரும்பக் கொடுத்தார்கள். ஒப்படைப்பின் பத்தாம் ஆண்டு நிறைவில், 1995இல், மையம் திறக்கப்பட்டது. கட்டடக்கலைஞர் கிரகரி பர்ஜஸும் நிலவடிவமைப்பாளர்களும் அனங்கு மக்களோடு அங்கே தங்கி, நிலத்தில் நடந்து, அவர்கள் மணலில் விரலால் வரைந்து காட்டியவற்றிலிருந்தே அமைப்பைக் கண்டடைந்தார்கள். குனியா என்னும் மலைப்பாம்புப் பெண், லிரு என்னும் நச்சுப்பாம்பு ஆகிய இரு மூதாதையரின் கதை அந்தப் பாறையோடு பிணைந்தது. வளைந்து கிடக்கும் இரண்டு கட்டடங்கள் நடுவில் வெளியை விட்டு எதிரெதிரே நிற்பது அந்தக் கதையால்தான். எந்தக் கதையை வெளியாருக்குச் சொல்லலாம் என்பதை முடிவு செய்தவர்கள் கதைக்கு உரியவர்கள். சுவருக்கான மண் கற்களும் அந்த இடத்திலேயே அறுக்கப்பட்டவை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது பாம்பு வடிவத்தை அல்ல, வேலையின் வரிசையை. முதலில் நடை. உங்கள் தாழ்வான இடத்தில் நீர் நிற்கும் பருவத்தில் ஒரு முறையும், அது வற்றிய பிறகு ஒரு முறையுமாவது மூத்தோருடன் நடந்து பாருங்கள். குறிப்பேட்டை முதல் நடையில் வெளியே எடுக்காதீர்கள். எங்கே நின்று பேசுகிறார்கள், எந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், எந்தத் திசையிலிருந்து நிலத்துக்குள் நுழைகிறார்கள் என்று கவனித்தாலே பாதித் திட்டம் தெரிந்துவிடும். நான் ஈடுபட்ட ஒரு பணியில், வாகன நிறுத்தத்துக்கென்று நாங்கள் குறித்திருந்த சமதளத்தை ஒரு முதியவர் ஒவ்வொரு முறையும் விலகியே சென்றார். அது என்ன என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் வற்புறுத்திக் கேட்கவும் இல்லை. வாகன நிறுத்தத்தை வேறு பக்கம் மாற்றினோம். காரணம் தெரியாமலேயே ஓர் இடத்தை விட்டுவிடும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

அடுத்தது, யாருடைய சொல் என்பது. ஒரு சமூகம் என்று நாம் சொல்வதற்குள் பல குடும்பங்களும் பல குலங்களும் இருக்கும். அதே நாட்டின் விக்டோரியா மாநிலத்தில், தொல்குடி மக்கள் கரிவெர்ட் என்று அழைக்கும் மலைத்தொடரில் 1990இல் திறக்கப்பட்ட பிராம்புக் மையம் ஐந்து தொல்குடிச் சமூகங்களுக்குப் பொதுவானது. அத்தகைய இடத்தில் ஒரு பிரதிநிதியிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. பெண்களுக்கு மட்டும் உரிய இடங்களும் அறிவும் உண்டு, ஆண்களுக்கு மட்டும் உரியவையும் உண்டு. உங்கள் குழுவில் ஆண்கள் மட்டுமே இருந்தால் சில செய்திகள் உங்களை வந்து சேரவே சேரா.

காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முழுத் திட்டத்தையும் ஒரே தவணையாக ஒப்படைப்பதற்குப் பதில், கட்டடத்தை ஒட்டிய வழிகள், வடிகால், அவசர வாகனப் பாதை ஆகியவற்றை மட்டும் இந்த மூன்று மாதத்தில் முடித்துக் கொடுத்து, எஞ்சிய நிலத்தை இரண்டாம் கட்டமாகப் பிரியுங்கள். இப்படிப் பிரித்துக் காட்டினால் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும். "இன்னும் காலம் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் ஏற்காது. மூத்தோர் செலவிடும் நேரத்துக்கு, மற்ற ஆலோசகர்களுக்குக் கொடுப்பது போலவே ஊதியம் வைக்கச் சொல்லுங்கள். மண்ணியல் நிபுணருக்கு ஒரு நாள் கூலி உண்டு, அந்த மண்ணை வாழ்நாள் முழுவதும் அறிந்தவருக்குத் தேநீர் மட்டும்தான் என்பது நியாயமில்லை.

நாற்றங்கால் எழுதியது:

நான் தாவரங்களின் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன். "யார் வந்து பறிப்பார்கள்?" என்ற கேள்வி செடிகளின் பட்டியலையே தலைகீழாக மாற்றக்கூடியது. பார்ப்பதற்கான தோட்டமும் பறிப்பதற்கான தோட்டமும் ஒரே செடிகளைக் கொண்டிருந்தாலும் ஒரே தோட்டம் ஆகிவிடா.

நியூசிலாந்தின் ஹராகெகெ செடியை எடுத்துக்கொள்ளுங்கள். வாள் போன்ற நீண்ட இலைகளைக் கொண்ட இதன் இலையாலும் நாராலும்தான் மாவோரி மக்கள் பாயும் கூடையும் ஆடையும் முடைகிறார்கள். இலைக்கொத்தின் நடுவில் இருக்கும் குருத்து குழந்தை. அதை இருபுறமும் அணைத்து நிற்கும் இலைகள் பெற்றோர். இந்த மூன்றையும் வெட்டக் கூடாது; வெளிப்புற இலைகளை மட்டும், நீர் உள்ளே தேங்காதபடி சாய்வாக வெட்டி எடுப்பார்கள். இதைச் செய்ய ஒருவர் புதரைச் சுற்றி வந்து குனிய வேண்டும். நாமோ பசுமை விரைவில் மூடிக்கொள்ள வேண்டும் என்று நெருக்கமாக நட்டு, நடுவில் யாரும் நுழைய முடியாதபடி செய்துவிடுகிறோம். இன்னொன்று: நம் பட்டியலில் தாவரவியல் பெயர் ஒன்றுதான் இருக்கும். முடைபவர்களுக்கோ அதற்குள் பத்துப் பத்தாக வகைகள் உண்டு. நார் எடுப்பதற்கு ஒன்று, பாய்க்கு ஒன்று, இறுகிய கூடைக்கு இன்னொன்று. அந்தந்த வட்டாரத்தில் காட்டில் வளரும் வகையை மட்டுமே நட வேண்டும் என்பது சூழலியலாளர்களின் நல்ல விதி. ஆனால் முடைதலுக்கான வகைகள் தலைமுறைகளாகக் கைமாறிக் கைமாறி வெகுதொலைவு பயணம் செய்தவை. இவ்விரண்டும் மோதும் இடத்தில் முடைபவர்களின் சொல்லுக்கே நான் இடம் கொடுப்பேன், ஏனெனில் அந்த வகைகளைக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் கமாஸ் என்னும் கிழங்குச் செடி வளரும் புல்வெளிகளைக் குடியேறிகள் இயற்கையாக அமைந்த வெளி என்று எண்ணினார்கள். உண்மையில் அவை கிழங்கைத் தோண்டி எடுத்து, சிறியவற்றைத் திரும்ப ஊன்றி, பருவத்தில் நெருப்பு வைத்துப் புதர்களை அடக்கி, குடும்பம் குடும்பமாகப் பேணப்பட்டவை. நீலப்பூப் பூக்கும் கமாஸுக்கு இடையே வெண்மஞ்சள் பூவுடன் நச்சுக் கிழங்கு ஒன்றும் வளரும். பூ உதிர்ந்தபின் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால் பூத்திருக்கும்போதே நச்சுச் செடியைக் களைந்துவிடுவார்கள். ஆகவே கமாஸ் புல்வெளியை வரைபவர், பூக்கும் வாரத்தில் அங்கே யார் களையெடுப்பார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். நெருப்பும் அவ்வாறே. வட கலிபோர்னியாவின் காருக், யூரோக் மக்கள் ஹேசல் புதர்களை எரித்துவிடுவது, அடுத்தடுத்த பருவங்களில் கிளைக்காத நேரான குச்சிகள் கூடைக்குக் கிடைக்கும் என்பதற்காக. உங்கள் நிலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்குமானால், எரிக்கும் பகுதிக்கும் கட்டடத்துக்கும் இடையே போதிய இடைவெளி, எரியாத தரைப்பட்டை, நீர்க்குழாய் எல்லாவற்றையும் இப்போதே வரையுங்கள். கட்டி முடித்த பிறகு தீயணைப்புத் துறையும் காப்பீட்டு நிறுவனமும் இடம் கொடா.

களைக்கொல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. கூடை முடைபவர்கள் குச்சியையும் வேரையும் பல்லால் பற்றிப் பிளப்பவர்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வழக்கம்போல் களைக்கொல்லி தெளித்துவிட்டால் அது நேராக அவர்கள் வாய்க்குள் போகும். எனவே "இந்நிலத்தில் இரசாயனக் களைக்கொல்லி இல்லை" என்பது ஒப்பந்தத்தில் முதல் பக்கத்திலேயே வர வேண்டிய விதி. அப்படியானால் கைக்களை எடுக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். அது சமூகத்து இளைஞர்களுக்கான வேலையாக அமைவதே முறை.

கடைசியாக, நாற்றுகள். இத்தகைய செடிகள் பெரும்பாலும் கடை நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கமாட்டா. விதை சேகரித்து, முளைக்க வைத்து, நடத் தகுந்த அளவுக்கு வளர்க்க இரண்டு ஆண்டுகள் பிடிக்கலாம். சமூகமே ஒரு சிறு நாற்றங்காலைத் தொடங்கி, முன்பணம் பெற்றுக்கொண்டு உங்களுக்கு வளர்த்துத் தருமானால், மையம் திறந்த பிறகும் அது நிலைக்கும்.

வேலிப்பருத்தி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குருத்தைக் குழந்தை என்று சொல்லும் இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். இன்று அலுவலகத்தில் இரண்டு கட்டமாகப் பிரிப்பதைப் பற்றிப் பேசினேன்; கேட்டுக்கொண்டார்கள். ஆனால் நிதி தருபவர்கள் தரப்பிலிருந்து ஒரு நிபந்தனை வந்திருக்கிறது: ஒவ்வொரு மருந்துச் செடியின் பெயரும் பயனும் பலகையில் எழுதப்பட வேண்டும், பார்வையாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். அது தவறான நோக்கம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஆயினும் மனம் ஒப்பவில்லை. இதை எப்படி அணுகுவது?

கல்மரம் எழுதியது:

உங்கள் மனம் ஒப்பாததற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஒரு செடியின் பயனைப் பலகையில் எழுதியவுடன் அது பொதுச்சொத்தாகிவிடுகிறது. ஒரு புகைப்படம் போதும், பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. மருந்தறிவு ஒரு குடும்பத்திலோ ஒரு வைத்தியரிடமோ காவலாக இருப்பதற்கு, தவறாகப் பயன்படுத்தினால் உயிருக்கே கேடு என்பது உட்படப் பல காரணங்கள் இருக்கும்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 செப்டம்பர் 13 அன்று தொல்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் உறுப்பு, தம் பண்பாட்டு மரபையும் மரபறிவையும், விதைகள், மருந்துகள், தாவர விலங்குகளின் இயல்பைப் பற்றிய அறிவு ஆகியவற்றையும் பேணவும், கட்டுப்படுத்தவும், காக்கவும் அம்மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. அன்று எதிர்த்து வாக்களித்த ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளும் பின்னர் தம் நிலையை மாற்றிக்கொண்டு ஆதரவு தெரிவித்தன. நிதி தருபவர்களிடம் பேசும்போது இதை முன்வைக்கலாம், ஆனால் அதைவிடப் பயன்படுவது, "எதை எழுதுவது என்பதைச் சமூகம் முடிவு செய்யும், எழுதாமல் விடுவதும் அதன் உரிமை" என்ற ஒரு வாக்கியத்தை ஒப்பந்தத்தில் சேர்ப்பது. உலுருவைப் பற்றி முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே பாறையின் அடிவாரத்தில் சில பகுதிகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று பலகைகள் கேட்டுக்கொள்கின்றன. ஏன் என்ற முழுக் கதையையும் அவை சொல்வதில்லை. அனங்கு மக்கள் நீண்டகாலமாக வேண்டிக்கொண்டதற்கிணங்க, பாறையின் மேல் ஏறுவதும் 2019 அக்டோபர் 26 முதல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. சொல்லப்படாமல் காக்கப்படுவது உண்டு என்பதை மரியாதையோடு அறிந்துகொண்டு திரும்பும் பார்வையாளரும் கற்றவர்தாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் வரைபடங்களும் நடைக் குறிப்புகளும் ஒலிப்பதிவுகளும் யாருடையவை? வழக்கமான ஒப்பந்தப் படிவங்களில் வரைபடத்தின் உரிமை பெரும்பாலும் வடிவமைப்பு நிறுவனத்திடம் தங்கிவிடும். மூத்தோர் காட்டிய இடங்களைக் குறித்த படம் டெண்டர் ஆவணத்தோடு போய், பத்து ஒப்பந்தக்காரர்களின் கணினியில் கிடக்கும். எனவே, அத்தகைய இடங்களைப் பெயரோ விளக்கமோ இன்றி "பணி நடைபெறாத பகுதி" என்று எல்லைக்கோடு மட்டும் காட்டிக் குறியுங்கள். மூலக் குறிப்புகள் சமூகத்திடம் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியதை அவர்கள் அனுமதியுடன் பாருங்கள். விருதுக்கு விண்ணப்பிக்கவும், இதழ்களில் கட்டுரை எழுதவும், இணையத்தில் படம் இடவும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். நான் அறிந்த ஒரு பணியில், எல்லாம் நல்லபடியாக முடிந்து, ஒரு கண்காட்சியில் வைத்த ஒரே ஒரு படத்தால் பல ஆண்டு நம்பிக்கை குலைந்தது.

மண்ணைத் தோண்டும் கட்டத்துக்கும் இப்போதே விதி வேண்டும். முன்னோரின் எலும்போ கல்லாயுதமோ தென்பட்டால் அந்த நொடியே பணி நிற்க வேண்டும். யாரை அழைப்பது, யார் முடிவு செய்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தோண்டும் நாட்களில் சமூகத்தின் கண்காணிப்பாளர் ஒருவர் ஊதியத்துடன் உடன் நிற்க வேண்டும். மேல்மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு விலைக்கு வாங்கிய மண்ணை நிரப்பும் வழக்கத்தையும் அவர்களைக் கேட்காமல் பின்பற்றாதீர்கள். அந்த மண் அவர்களுக்கு வெறும் நிரப்புப் பொருளாக இல்லாமல் இருக்கலாம்.

ஆலங்கொடி எழுதியது:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டதோ என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன். மறைத்துக் காப்பது போலவே, வெளிப்படையாகச் சொல்ல விரும்புவதும் அம்மக்களின் உரிமைதான். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் 1998இல் திறக்கப்பட்ட ஜிபவ் பண்பாட்டு மையத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ அமைத்த உயரமான பத்து மரக்கூடுகளைப் பற்றியே பேசுகிறார்கள். அவற்றைச் சுற்றிச் செல்லும், அத்தீவின் தொல்குடியினராகிய கனாக் மக்களின் பெயர் தாங்கிய கனாக் பாதையோ, முதல் மனிதனாகிய தேயா கனாகேயின் கதையைத் தோற்றம், ஊட்டும் நிலம், முன்னோரின் நிலம், ஆவிகளின் நாடு, மறுபிறப்பு என்று ஐந்து கட்டங்களாகச் செடிகளாலேயே சொல்கிறது. சேப்பங்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் ஒரு கட்டத்தில் உணவு, இன்னொரு கட்டத்தில் நிற்கும் மரங்கள் முன்னோரின் இருப்பு. ஒடுக்கப்பட்ட தம் பண்பாட்டை உலகின் முன் நிமிர்ந்து சொல்ல வேண்டும் என்ற விருப்பத்தால் எழுந்த மையம் அது. அங்கே அடையாளம் வெறும் அலங்காரம் இல்லை. ஆகவே உங்கள் கூடைக் கோலம் தவறு என்று நீங்களே முடிவு கட்டிவிடாமல், அதைத் தரையில் அல்லாது வேறு எங்கேனும் வைக்க விரும்புகிறார்களா, யார் கையால் செய்ய விரும்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வாஷிங்டனில் 2004 செப்டம்பரில் திறக்கப்பட்ட அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகமும் பயனுள்ள எடுத்துக்காட்டு. நகரின் நடுவில், பல நூறு பழங்குடிகளுக்குப் பொதுவாக அமைந்த அந்த இடத்தில் யாருடைய நிலத்தை வரைவது? பழங்குடித் தாவர அறிஞர் டோனா ஹவுஸின் வழிகாட்டலில், அந்த வட்டாரத்தில் முன்பு இருந்த காடு, சதுப்பு, புல்வெளி, விளைநிலம் ஆகிய நான்கையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். நகரம் விழுங்கிவிட்ட ஓடையின் நினைவாகச் சதுப்பு இருக்கிறது. கியூபெக்கிலிருந்து கொண்டுவந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பாறைகளைத் தாத்தாப் பாறைகள் என்று அழைக்கிறார்கள். அவை புறப்படும் முன் அங்குள்ள தொல்குடி மக்கள் ஆசி கூறி அனுப்பினார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்த எல்லோருடைய சின்னங்களையும் அடுக்காமல், அந்த மண்ணில் முன்பு எது இருந்தது என்ற கேள்விக்குத் திரும்பியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னும் ஒன்று. பண்பாட்டு மையம் என்றவுடன் நம் மனம் சடங்குக்கும் கதைக்கும் ஓடிவிடுகிறது. துக்க நிகழ்வுக்கு ஒரே நேரத்தில் முந்நூறு பேர் வந்தால் எங்கே நிற்பார்கள், மழையில் முதியவர்கள் எங்கே உட்காருவார்கள், பெரிய பாத்திரத்தில் சமைக்க வெளியடுப்பு எங்கே, சக்கர நாற்காலியில் வரும் பாட்டி அந்தச் சரிவில் தாழ்வு வரை போக முடியுமா, பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டா? இந்தக் கேள்விகளைக் கேட்டால் கூட்டத்தில் எல்லோரும் பேசத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

வேலிப்பருத்தி எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இரண்டு கட்டமாகப் பிரிக்க ஒப்புதல் கிடைத்துவிட்டது. பலகைகளைப் பற்றிய நிபந்தனையை, "சமூகம் தேர்ந்தெடுக்கும் செடிகளுக்கு, சமூகம் எழுதும் சொற்களில்" என்று மாற்றிக் கேட்டோம். நிதி தருபவர்கள் மறுக்கவில்லை. கூடைக் கோலத்தை எடுத்துவிட்டேன். அதை வேறு எங்காவது வைப்பதா என்பதை முடைபவர்களே கூடிப் பேசிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

மூன்று முறை நடந்தோம். அந்த மூதாட்டி இரண்டாம் நடையில்தான் என்னைத் தாழ்வான இடத்தின் விளிம்புக்கு அழைத்துச் சென்றார். கூடைக்கான கோரை முன்பு அங்கேதான் வளர்ந்ததாம். நிலம் பறிபோன பிறகு வெகுதொலைவிலுள்ள ஒரு சாலையோரப் பள்ளத்தில் அறுக்க வேண்டியதாயிற்றாம். நான் குளம் வரைந்திருந்த இடம் அது. ஆண்டு முழுவதும் நீர் நின்றால் அந்தக் கோரை அழுகிவிடும் என்றார். வடிகால் பொறியாளருக்கோ, முதல் கட்டத்தை முடிக்க, குளத்தின் அளவும் ஆழமும் அடுத்த வாரத்துக்குள் வேண்டும். கோரைக்கு எவ்வளவு நீர், எத்தனை நாள் என்பது எங்கள் யாருக்கும் இப்போது கணக்காகத் தெரியாது. பொறியாளருக்கு என்ன கொடுப்பது?

பாசிநிலம் எழுதியது:

குளத்தின் அளவைக் கொடுக்காதீர்கள். தாழ்வின் இப்போதைய தரைமட்டத்தைத் தொடாமல், வெள்ளம் வழிந்தோடும் மட்டத்தையும் வழியையும் மட்டும் கொடுங்கள். கட்டடக் கூரையிலிருந்தும் வாகன நிறுத்தத்திலிருந்தும் வரும் கூடுதல் நீரை மேற்புறத்திலேயே தனிப்பள்ளத்தில் நிறுத்தி மண்ணில் இறங்கவிட்டால், தாழ்வுக்கு இதுவரை வந்த அளவு நீரே தொடர்ந்து வரும். எண்ணெய்க் கசிவும் அங்கே போய்ச் சேராது. வழிந்தோடும் இடத்தில் பலகையைச் செருகியும் எடுத்தும் மட்டத்தை உயர்த்தித் தாழ்த்தக்கூடிய எளிய மதகு ஒன்றை வையுங்கள். அதன் கைப்பிடி பராமரிப்பு நிறுவனத்திடம் இல்லாமல் கோரை அறுப்பவர்களிடம் இருக்கட்டும்; முதல் இரண்டு மழைக்காலங்களில் மட்டத்தை எங்கே நிறுத்துவது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். தாழ்வில் நீர்மட்ட அளவுகோல் ஒன்றை இந்த வாரமே நட்டுவிடுங்கள், மழை தொடங்கிவிட்டால் சேற்றில் இறங்க முடியாது.

நாற்றங்கால் எழுதியது:

அந்தச் சாலையோரப் பள்ளத்துக் கோரையை அவர்களுடன் போய் ஒரு முறை பாருங்கள். தாழ்வில் இருந்த அதே கோரைதானா என்பதை அறுத்தவர்கள் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதே வகை என்றால், சாலை விரிவாக்கத்தில் பள்ளம் மூடப்படுவதற்குள் வேர்க்கட்டையோடு சில திட்டுகளைப் பெயர்த்து, நாற்றங்காலில் வைத்துப் பெருக்கச் சொல்லுங்கள். சாலையோரம் என்பதால் முன்பு களைக்கொல்லி தெளித்திருக்கலாம்; முதல் ஆண்டு வளர்ச்சியை அறுத்து எறிந்துவிட்டு, புதிதாகத் தழைத்ததை மட்டும் கூடைக்கு எடுக்கட்டும்.